டயரின் உள்பக்கம்

டயர்க் கடைப் பையன் ஒருவன் தன் செல்போனில் காட்டிய போட்டோ இரண்டு வருடமாக என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. போட்டோவில் இருந்தது என் காரின் டயர்தான். ஆனால் பார்த்தவுடன் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வேறு யார் வண்டியையோ காட்டுகிறான் என்று நினைத்து, ஐயோ பாவம் என்கிற முகத்தோடு தலையைக்கூட ஆட்டிவைத்தேன்.

கார் 1972 ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் சுப்ரீம். மிச்சிகனில் கார்த் தொழிலை நம்பிப் பிழைக்கிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பகல் முழுக்கக் காரையே கட்டிக்கொண்டு அழுகிறவன் வீட்டிலும் ஒரு பழைய காரை வாங்கி நிறுத்தினால் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். "அந்தக் காசுக்கு ஊரில் ஒரு கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கலாம்" என்று சொல்லாத நண்பர் இல்லை. 2015-இல் லான்சிங் பக்கத்தில் ஒரு வயதான தம்பதியிடம் வாங்கினேன். ஓல்ட்ஸ்மொபைல் பிறந்ததும் லான்சிங்கில்தான், 2004 ஏப்ரலில் கடைசி கார் வெளியே வந்ததும் லான்சிங்கில்தான். கரும்பச்சை வண்டி, 350 ராக்கெட் எஞ்சின், கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவைச் சாத்துகிற சத்தம். உள்ளதைச் சொன்னால், எஞ்சினையோ கதவையோ பார்த்து நான் விழவில்லை. அவர்கள் கராஜ் கதவைத் தூக்கியபோது இருட்டுக்குள்ளிருந்து முதலில் தெரிந்தது டயரில் இருந்த வெள்ளை எழுத்து. பிஎஃப்குட்ரிச், ரேடியல் டி/ஏ. பால் வெள்ளை. அப்போதே முடிவாகிவிட்டது. பிறகு எஞ்சினைப் பார்த்ததெல்லாம் பெண் பார்த்துவிட்டு ஜாதகம் கேட்ட கதை.

எழுபதுகளின் அமெரிக்கக் கார்களை விரும்புகிறவர்களுக்கு இந்த எழுத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ரேஸ் ட்ராக்கில் டயர்க் கம்பெனிகள் தங்கள் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொண்டது விளம்பரத்துக்காக. அதைப் பார்த்து ஆசைப்பட்டுத் தெருவில் ஓட்டுகிறவனும் காசு கொடுத்து அதே விளம்பரத்தைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். அதற்கு முந்தைய தலைமுறைக்கு வெள்ளைப் பட்டை போட்ட டயர்தான் அந்தஸ்து. எழுத்துப் போட்டது முறுக்கு. எழுத்தை உள்பக்கம் திருப்பிப் போட்டு, வெறும் கறுப்பை வெளியே காட்டுகிறவர்களும் உண்டு. அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

தேய்த்த கதை

மிச்சிகனில் குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அதனால் நவம்பரில் படுக்கப்போகும் பழைய வண்டி மே மாதம்தான் எழுந்திருக்கும். எழுந்ததும் எனக்கு முதல் வேலை டயர் எழுத்து. ஐந்தாறு மாதம் கராஜுக்குள் சும்மா நின்ற வண்டிதான். ஆனாலும் எழுத்து வெற்றிலை போட்ட பல் மாதிரி ஆகியிருக்கும்.

முதல் வருடம் பாத்திரம் கழுவும் சோப்பு, வெந்நீர், நைலான் பிரஷ். ஓரளவுக்கு வந்தது. அடுத்த வருடம் டயர் வெளுக்கவென்றே விற்கிற ஸ்ப்ரே. அடித்து அரை நிமிடம் விட்டால் எழுத்திலிருந்து பழுப்பு நுரை இறங்கும். டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கடைசியாக ஒரு தட்டுத் தட்டுவாரே, அந்த நிறம். அதைப் பார்ப்பதில் ஒரு கேவலமான திருப்தி இருக்கிறது. காய்வதற்குள் கழுவிவிட வேண்டும், காய்ந்தால் அதுவே திட்டுத்திட்டாகப் படியும். பிரஷ் போகாத இடங்களுக்குப் பழைய டூத்பிரஷ். குட்ரிச்சில் அடுத்தடுத்து வரும் இரண்டு 'ஓ'க்களின் வயிறு, டி/ஏ-வில் 'ஏ'யின் நடுவில் இருக்கும் முக்கோணம், இந்த மூன்றையும் சுத்தம் செய்ய ஆகிற நேரத்தில் மீதி டயரையே முடித்துவிடலாம். சுவரில் குழந்தைகள் கிறுக்கியதை அழிக்கிற மெலமைன் ஸ்பாஞ்ச் நன்றாக வேலை செய்யும், என்ன, டயர் ஒன்றுக்கு ஒரு ஸ்பாஞ்சைத் தின்றுவிடும். என் மனைவி சமையலறை சிங்க்குக்குக் கீழே கைவிட்டுத் துழாவிவிட்டு, "ஏங்க, இந்த வீட்டில் ஸ்பாஞ்ச் எல்லாம் நடந்து போகுதா?" என்று கேட்பதும் மே மாதத்தில்தான்.

மூன்றாம் வருடம் புத்தி கெட்டது. கம்பி நார் போட்டேன். அதுவும் போதாமல் 220-ஆம் நம்பர் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்தேன். யாரோ ஒருவர் அப்படிச் செய்து அற்புதமாக வந்ததாகச் சொன்னார். அற்புதமாகத்தான் வந்தது. அந்த ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது நான்கு பேராவது நின்று எழுத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் 1995-இல் ஃபெர்ண்டேலில் ஆரம்பித்தது, ஆகஸ்டின் மூன்றாவது சனிக்கிழமை, பான்டியாக் வரைக்கும் பழைய வண்டிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். அங்கே எல்லோர் கண்ணும் முதலில் பெயின்ட்டுக்குப் போகும், அடுத்து சக்கரத்துக்கு வரும். ஆனால் உப்புத்தாள் போட்ட எழுத்து செப்டம்பருக்குள் முன்பைவிட மோசமாகப் பழுத்தது. வழவழப்பு போய்ச் சொரசொரப்பான இடத்தில் அழுக்கு குடியேறிக்கொள்கிறது. எழுத்தின் விளிம்பும் மழுங்கி, பழைய ஐந்து பைசாவில் இருக்கும் எழுத்துப்போல ஆகிவிட்டது.

கறுப்புப் பகுதிக்குப் போடும் பளபளப்பையும் அப்போது அளவில்லாமல் போட்டுக்கொண்டிருந்தேன். பெட்ரோலியக் கரைப்பானில் சிலிகான் கலந்த வகை. கறுப்பு நாவல்பழம்போல மின்னும், ஆனால் அது வழிந்து வெள்ளையின் மேல் ஏறி, தூசியைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெயிலில் மஞ்சளாகும். வண்டி கிளம்பினால் கதவுக்குக் கீழே புள்ளிபுள்ளியாகத் தெறிக்கும். தண்ணீர் கலந்த வகைக்கு மாறியதும் பாதிப் பிரச்சினை போனது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கோடைகாலம் ஆனது என்பதை என் படிப்பைத் தெரிந்தவர்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பழுப்பு எங்கிருந்து வருகிறது

இத்தனை வருடம் தேய்த்தேனே, அந்தப் பழுப்பு என்ன என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. சாலை அழுக்கு, பிரேக் தூசி என்றே நினைத்திருந்தேன். கராஜுக்குள் நின்ற வண்டியில் சாலை அழுக்கு எப்படி வரும்?

ஆரம்பகால டயர்கள் வெளிறிய நிறத்தில்தான் இருந்தன. ரப்பரோடு ஜிங்க் ஆக்சைடு கலப்பார்கள், அது வெள்ளை. பிறகு கார்பன் பிளாக், அதாவது புகைக்கரி, சேர்த்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று தெரிந்ததும் டயர் கறுப்பானது. அந்தக் கரி வெயிலின் புற ஊதாக் கதிரையும் தாங்கிக்கொள்ளும். ஆனால் ரப்பருக்கு இன்னொரு எதிரி ஓசோன். காற்றில் இருக்கிற கொஞ்சூண்டு ஓசோனே போதும், இழுபட்டு நிற்கிற ரப்பரில் கோடுகோடாக வெடிப்பு வந்துவிடும். மோட்டார் பொறி தட்டினால்கூட ஓசோன் வரும் என்பதால்தான் கம்ப்ரஸர் பக்கத்தில் டயரை அடுக்காதே என்பார்கள். அதற்கு மருந்தாக மெழுகையும் 6பிபிடி என்கிற ரசாயனத்தையும் ரப்பருக்குள்ளேயே கலந்துவிடுகிறார்கள். அது உள்ளேயே உட்கார்ந்திருக்காது. கொஞ்சம் கொஞ்சமாக மேல்தோலுக்குக் கசிந்து வந்து, ஓசோன் ரப்பரைத் தின்பதற்குள் தான் ஓசோனுக்குப் பலியாகும். அப்படிப் பலியான பிறகு அதன் நிறம் பழுப்பு. கறுப்பில் தெரியாது, வெள்ளையில் தெரியும். டயர் ஓடி வளைந்து நிமிரும்போது மருந்து சீராக மேலே வரும். ஓடாமல் நிற்கிற வண்டிக்கு அந்தக் கொடுப்பினையும் குறைவு.

வெள்ளை எழுத்து பெயின்ட் இல்லை. டயரின் பக்கவாட்டில் ஒரு வெள்ளை ரப்பர் அடுக்கை வைத்து, மேலே மெல்லிசாகக் கறுப்பு ரப்பரைப் போர்த்தி, டயர் அச்சிலிருந்து வந்தபின் மேடான எழுத்தின் மேல் மட்டும் கறுப்பைச் சீவி எடுப்பார்கள். கொப்பரையின் பழுப்புத் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை தெரியுமே, அப்படி. வெள்ளைக்கு என்று கறை பிடிக்காத தனிக் கலவைதான். ஆனால் சுற்றிலும் இருப்பது மருந்து ஊறிய கறுப்பு. வெள்ளை எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்?

ஆக, மே மாதம்தோறும் நான் நுரையாக வடித்து ரசித்துக்கொண்டிருந்தது டயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியே அனுப்பிய மருந்து. சோப்புப் போட்டுக் கழுவினால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, உள்ளிருந்து மறுபடி வரும். காட்டமான ரசாயனத்தை ஊற்றி வருடா வருடம் சுரண்டினால் வேறு கதை. இன்னொன்றும் தெரிந்துகொண்டேன், இது கொஞ்சம் உறுத்தியது. இந்த 6பிபிடி ஓசோனோடு சேர்ந்து மாறுகிற பொருள்தான் வாஷிங்டன் மாநில ஓடைகளில் மழைக்குப் பிறகு கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்குக் காரணம் என்று 2020 கடைசியில் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அதே கோஹோவைத்தான் 1966-இல் எங்கள் மாநிலத்தில் பிளாட் ஆற்றில் குஞ்சாக விட்டு மிச்சிகன் ஏரியில் வளர்த்தார்கள். சாலையில் தேய்ந்து உதிரும் டயர்த் தூளோடு ஒப்பிட்டால் என் வாளித் தண்ணீர் ஒன்றுமே இல்லை. இருந்தாலும் இப்போதெல்லாம் அந்த நுரையை மழைநீர்க் கால்வாய்க்குள் விடுவதில்லை, வண்டியைப் புல்தரையில் ஏற்றித்தான் கழுவுகிறேன். புல்லுக்கு என்ன ஆகும் என்று மனைவி கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

3608

இதெல்லாம் பிறகு படித்தது. படிக்கவைத்தது அந்தப் பையன்.

2022 ஜூன். மணிக்கு 55 மைலைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. வீல் பேலன்சிங் போனது என்று நானே முடிவு செய்து ஒரு டயர்க் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்குப் போகிறோமே என்று முந்தின நாள் சாயங்காலம் எழுத்தைத் தேய்த்து வைத்திருந்தேன், டாக்டரிடம் போகும்போது நல்ல சட்டை போட்டுக்கொள்கிற மாதிரி. கவுன்ட்டரில் இருந்த பையனுக்கு இருபது வயது இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து, "அழகான டயர்" என்றான். எனக்குக் குளிர்ந்தது. லிஃப்டில் ஏற்றினார்கள். பத்து நிமிடம் கழித்து வெளியே வந்தான், கையில் வீல் இல்லை, செல்போன் இருந்தது.

போட்டோவில் சாம்பல் பூத்த ஒரு பழுப்பு டயர். கண்மாய் வற்றினால் களிமண் எப்படி வெடித்திருக்கும், அப்படி வலைவலையாக வெடிப்பு. சில இடத்தில் ஒரு நாணயத்தின் விளிம்பைச் செருகலாம். நான் தலையாட்டியது இதைப் பார்த்துத்தான். பையன் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சார், இது உங்களுடையது. உள்பக்கம்" என்றான்.

இரண்டு விரலால் போட்டோவைப் பெரிதாக்கி ஓரத்தில் ஒரு நீள்வட்டத்தைக் காட்டினான். டாட் (DOT, அமெரிக்கப் போக்குவரத்துத் துறை) என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்: 3608. 2008-ஆம் ஆண்டின் 36-ஆவது வாரம். 2000-இலிருந்து எல்லா டயருக்கும் இப்படித்தான், வாரம் இரண்டு இலக்கம், வருடம் இரண்டு இலக்கம். இது எனக்குத் தெரியாததில்லை. டொயோட்டாவுக்கு டயர் மாற்றும்போது கண்டிப்பாகப் பார்ப்பேன். இந்த வண்டியில் பார்க்கவில்லை. என் டயர்களில் அந்த எண் எழுத்தில்லாத பக்கத்தில் இருந்தது. எழுத்து வெளியே தெரியவேண்டும் என்று மாட்டியதால் வயது உள்ளே திரும்பிவிட்டது. படுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏழு வருடத்தில் டயருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்த மணிக்கணக்கைக் கூட்டினால் ஒரு வாரம் தேறும். படுக்கவில்லை.

"பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறதே" என்றேன். நம்ம ஊர்ப் பழக்கத்தில் அந்த வார்த்தையை இங்கிலீஷ் பேச்சுக்கு நடுவிலேயே சொல்லிவிட்டு, அவன் விழித்ததும் ட்ரெட், அதாவது தரையைப் பிடிக்கிற மேடு, என்று திருத்திக்கொண்டேன். அவன் பொறுமையாகச் சொன்னான். வருடத்துக்கு ஐந்நூறு மைல், ஆயிரம் மைல் ஓடுகிற வண்டியில் பட்டன் தேயாது. ரப்பர்தான் கெட்டுப்போகும், வெளியே தெரியாமல் உள்ளிருக்கும் ஒட்டும் விட்டுக்கொண்டே வரும். பத்து வருடத்தைத் தாண்டிய டயரை பேலன்ஸ் செய்து திருப்பி மாட்டக் கடையில் அனுமதி இல்லை. "இந்த நடுக்கம் பேலன்சிங்கால் இல்லை என்று நினைக்கிறேன்" என்றான். பின்பக்கம் வலது டயரில் பட்டனுக்குக் கீழே லேசாக ஒரு புடைப்பு. கையை வைத்தால் தெரிந்தது.

அந்தச் சக்கரத்தின் மேல் என் மகள் உட்கார்ந்து வருவாள்.

ஹாலிவுட் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்து நினைவுக்கு வந்தது. 2013 நவம்பர், கலிஃபோர்னியா. முக்கியக் காரணம் வேகம் என்றது விசாரணை. கூடவே அந்த போர்ஷேயின் டயர்கள் ஒன்பது வருடப் பழசு என்பதையும் எழுதியிருந்தார்கள். அப்போது நானே அலுவலகத்தில் காபி குடித்துக்கொண்டு, "அவ்வளவு விலை கொடுத்துக் கார் வாங்குகிறவன் டயர் மாற்றக் கூடாதா" என்று பேசியவன். ஆறு வருடத்தில் மாற்று என்று கார்க் கம்பெனிகள் பலவும் சொல்கின்றன. ஐந்துக்குப் பிறகு வருடா வருடம் காட்டு, பத்தானால் எப்படி இருந்தாலும் கழற்றிவிடு என்பது டயர்க்காரர்கள் பேச்சு. என்னுடையது பதினாலாவது வருடத்தில் ஓடிக்கொண்டிருந்தது, வெளுத்த எழுத்தோடு.

வீட்டுக்கு நெடுஞ்சாலையில் வரவில்லை. 35 மைல் வேகத்தில் உள்தெருக்கள் வழியாக, பின்னால் வந்தவர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்த லான்சிங் தம்பதி நினைவு. அவர்கள் என்னை ஏமாற்றினார்களா? டயர் புதுசு என்று அவர்கள் சொல்லவே இல்லை. நான் கேட்கவும் இல்லை. வாங்கிய அன்றே அதற்கு ஏழு வயது. யாரோ பக்குவமாகக் கழுவி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஏழு வருடம் அதே வேலையை நான் எனக்கே செய்துகொண்டேன்.

நீல நிறம்

அதே அளவில், 225/70ஆர்14, அதே ரேடியல் டி/ஏ நான்கு வாங்கினேன். வேறு எதையும் யோசிக்கவில்லை, அதற்குள் புத்தி வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புது டயரில் எழுத்து வெள்ளையாக வராது, நீலமாக வரும். கிடங்கில் அடுக்கும்போது ஒரு டயரின் கறுப்பு இன்னொன்றின் வெள்ளையில் ஏறாமல் இருக்கப் பூசுகிற பூச்சு. வெந்நீரும் சோப்பும் போதும், ஊறவிட்டு மென்மையாகத் தேய்த்தால் நீலம் கரைந்து ஓடும். வெயிலில் விட்டு நாளைத் தள்ளினால் அதுவே கறையாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் மாட்டிய அன்றே கழுவிவிட வேண்டும். கழுவினேன். மகளும் வந்து ஒரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டாள். கீழிருந்து வெள்ளை எழும்பி வந்ததை இப்போது நினைத்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது.

மாட்டும்போது ஒன்று கேட்டேன். எண் இருக்கிற பக்கத்தை வெளியே வைக்க முடியுமா? முடியும், எழுத்து உள்ளே போய்விடும் என்றார்கள். சரி, எழுத்தே வெளியே இருக்கட்டும் என்றேன். பதிலுக்கு நான்கு டயரின் எண்ணையும் கராஜ் சுவரில், மகளின் உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், மார்க்கரால் எழுதிவைத்தேன். இப்போது தேய்ப்பது வருடத்துக்கு இரண்டு தடவை, சோப்பும் நைலான் பிரஷ்ஷும் மட்டும். ஆகஸ்ட் வருவதற்குள் லேசாகக் காபி நிறம் ஏறிவிடும். உட்வர்டில் போன வருடம் ஒருவர் அக்கறையாகக் குனிந்து, நல்ல ஸ்ப்ரே ஒன்று இருக்கிறது என்று பெயர் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு, அவர் வண்டியின் டயர் எந்த வருடம் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். என் டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார், பாவம், படுக்கவில்லை.

இதை எழுதி முடித்துவிடலாம் என்றுதான் போன வாரம் சரிபார்க்க கராஜுக்குப் போனேன். சுவரில் நான்கு எண்கள். நான்கு. டிக்கியைத் திறந்து, பாயை விலக்கி, ஸ்டெப்னியை வெளியே உருட்டினேன். வேறு ஏதோ கம்பெனி, அதிலும் வெள்ளை எழுத்து, வெயிலே படாமல் இருட்டில் கிடந்ததால் அந்த வண்டியில் வேறெங்கும் இல்லாத வெள்ளை. எண்ணைத் தேடினேன். கடைசியில் மூன்றே இலக்கம்: 187. 2000-க்கு முந்தைய கணக்கு அது, இரண்டு இலக்கம் வாரம், ஒரே இலக்கம் வருடம். 18-ஆவது வாரம், ஏழாம் வருடம். எந்தப் பத்தாண்டின் ஏழு என்று அதில் இருக்காது. தொண்ணூறுகளாக இருந்தால் பெரும்பாலும் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் போட்டிருப்பார்கள். டார்ச் அடித்துப் பார்த்தேன். முக்கோணம் இல்லை.